முதல் அறிகுறிக்கும் முதல் மருத்துவருக்கும் நடுவே

2023 ஆகஸ்ட் 12. சென்னையை ஒட்டிய குரோம்பேட்டையில், நீட் தேர்வை இருமுறை எழுதியும் அரசு ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கிடைக்காத 19 வயது இளைஞர் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மகனின் இறுதிச் சடங்கை முடித்துவிட்டு வந்த தந்தையும் அடுத்த இரவு அதே முடிவைத் தேடிக்கொண்டார். இரண்டே நாட்களில் ஒரு குடும்பம் இல்லாமல் போனது.

அந்த வாரம் முழுக்க தமிழ்நாட்டில் ஒரே பேச்சு. நீட் விலக்கு மசோதா என்ன ஆனது, ஆளுநர் என்ன சொன்னார், குடியரசுத் தலைவரிடம் கோப்பு எங்கே நிற்கிறது, கல்வி மாநிலப் பட்டியலுக்குத் திரும்புமா? இவை எல்லாமே கேட்கப்பட வேண்டிய கேள்விகள்தான். ஒரு தேர்வு எத்தனை வீடுகளின் நிம்மதியைக் குலைக்கிறது என்பதை அரசியல் பேசாமல் வேறு யார் பேசுவது? ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு கேள்வி யார் காதிலும் விழவில்லை. மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் அருகில் அந்த முதல் இரவில் யார் இருந்திருக்க வேண்டும்?

சொந்தக்காரர்கள் வருவார்கள், தெருவே கூடும், தலைவர்கள் மாலையோடு வருவார்கள். தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பத்தில் எஞ்சியிருப்பவர்களுக்கும் அதே ஆபத்து கூடுதலாக இருக்கிறது என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த உண்மை. அப்படியிருந்தும், விபத்து நடந்தால் போலீஸும் ஆம்புலன்ஸும் வருவதைப்போல, இப்படியொரு சாவு நடந்த வீட்டுக்கு ஒரு மனநல ஆலோசகர் தானாக வந்து நிற்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. பிரேதப் பரிசோதனைக்கு விதிமுறை இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களுக்கு இல்லை.

தேர்வுச் சுமையைக் குறைத்தால் உயிர்கள் மிஞ்சும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. பொதுத்தேர்வில் தோற்றவர்கள் ஒரு வருடத்தை இழக்காமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு 2000-களின் தொடக்கத்தில் வந்தது. தேர்வுத் தோல்வியை ஒட்டிய மரணங்கள் அதன் பிறகு குறைந்ததை, 1986-இல் சென்னையில் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் உள்ளிட்டோர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். 2017-இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடுவதையும் அரசு நிறுத்தியது. மே மாதக் காலையில் பத்திரிகையின் முதல் பக்கத்தில் ரோஸ்நிற ரிப்பனோடு சிரிக்கும் முகங்களை, அடுத்த வீட்டில் தோற்றுப்போன பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம் அதோடு போனது. நல்ல காரியம்.

ஆனால் தேர்வு ஒன்றே நோய் அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். அவர்களில் 1,416 பேர் தமிழ்நாட்டினர். இவர்களில் எல்லோரும் தேர்வுக்காக இறந்தவர்கள் அல்லர். இறந்தவர்களைவிடப் பலமடங்கு பெரிய கூட்டம் ஒன்று இருக்கிறது. சாகவும் இல்லை, சரியாகவும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் இருக்கிற அந்தப் பிள்ளைகளைப் பற்றி எந்தச் செய்தித்தாளிலும் பெட்டிச் செய்திகூட வருவதில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. பெருநகரங்களில் அது 13.5 சதவீதம். சென்னையின் தென் விளிம்பில், நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு பதினொன்றாம் வகுப்பை நினைத்துக்கொண்டால், அதில் ஐந்து பிள்ளைகள். வாழ்நாள் முழுக்கத் தொடரக்கூடிய மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடும் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டி வருகின்றன. அதற்காக ஊரெங்கும் முகாம் போடுகிறோம். மனநோய் எட்டாம் வகுப்புக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவே வருகிறது. அந்த வயதில் யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

அது எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பெருங்களத்தூரிலோ ஊரப்பாக்கத்திலோ, வங்கிக் கடனில் வாங்கிய இரண்டு படுக்கையறை வீடு. பையன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. முதலில் தூக்கம் இடம் மாறுகிறது: விடியும்வரை முழிப்பு, பகலெல்லாம் படுக்கை. பிறகு குளிப்பது குறைகிறது. நண்பர்கள் போன் செய்தால் எடுப்பதில்லை. மூன்று பேப்பர் அரியர். ஒருநாள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, எதிர் மாடியில் இருப்பவர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்கிறான். அப்பா சொல்கிறார்: “செல்போனைப் பிடுங்கினா எல்லாம் சரியாப் போயிடும்.” அம்மாவுக்கு வேறு சந்தேகம்: “யாரோ கண்ணு வச்சுட்டாங்க.” மாமா வந்து, “வயசுக் கோளாறு, ஒரு வேலைக்குப் போனா தெளிஞ்சுடுவான்” என்று தோளில் தட்டிவிட்டுப் போகிறார்.

அதன்பின் ஒரு சுற்று ஆரம்பமாகிறது. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம். பரிகாரத்துக்கு ஒரு கோயில், மந்திரிக்க ஒரு தர்கா, ஜெபத்துக்கு ஒரு சபை. தெருமுனை கிளினிக்கில் சத்து மாத்திரை, கொஞ்சம் தூக்க மாத்திரை. அங்கிருந்து தலைக்கு ஸ்கேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும் வீட்டில் பெரிய நிம்மதி. நோயே இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும், சில வீடுகளில் இரண்டு. ஏதோ ஒரு ராத்திரி பையன் கையில் கிடைத்ததை எடுத்து எறிந்த பிறகுதான் மனநல மருத்துவரின் பெயர் யாரோ ஒருவர் வாயிலிருந்து வருகிறது. ஊருக்கு ஊர் தெய்வம் மாறுமே தவிர இந்த வரிசை அதிகம் மாறுவதில்லை.

பெண்பிள்ளை என்றால் மௌனம் இன்னும் இறுக்கமாகிறது. நாளைக்கு வரன் பார்க்கும்போது விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று மாத்திரைச் சீட்டையே கிழித்துப் போடுகிற வீடுகள் உண்டு. ‘கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை இரண்டு குடும்பங்களை நாசமாக்குகிறது. மருந்தை நிறுத்திவிட்டு மணமேடைக்கு அனுப்பப்படும் பெண்ணுக்கு நோய் திரும்புவது புகுந்த வீட்டில். அங்கே அவளுக்காகப் பேச ஒருவரும் இல்லை.

கோயிலுக்குப் போவதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிள்ளைமேல் உள்ள பாசத்தால்தான் போகிறார்கள். அங்கே யாரும் டோக்கன் கேட்பதில்லை, யாரும் பைத்தியம் என்று எழுதித் தருவதுமில்லை. குற்றம், மருத்துவம் அதைவிடத் தூரத்தில் இருப்பது. அந்தத் தூரத்தின் விலை என்னவென்று 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் பார்த்தோம். குடிசைக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் பெற்றவர்கள்தான், உடன்பிறந்தவர்கள்தான்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. 1794-இல் பைத்தியக்காரர் விடுதியாகத் தொடங்கி, இன்று மனநலக் காப்பகமாக இருக்கும் கீழ்ப்பாக்கத்தின் பெயரை இந்த ஊர் தலைமுறை தலைமுறையாக வசைச்சொல்லாகப் பயன்படுத்தி வந்திருக்கிறது. சினிமாவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தது. கேலியாக மட்டுமே கேட்டு வளர்ந்த ஒரு இடத்துக்கு எந்தத் தாய் தன் பிள்ளையைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவாள்?

அதே கீழ்ப்பாக்கத்தில்தான், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தார். பூட்டிவைக்கும் இடமாக இருந்ததை வைத்தியம் பார்க்கும் இடமாக மாற்றப் பாடுபட்டார். ஓய்வுபெற்ற பிறகு அவர் வீட்டில் உட்காரவில்லை. 1984-இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ‘ஸ்கார்ஃப்’-ஐத் தொடங்கினார். 2021 டிசம்பரில், 98 வயதில் அவர் மறையும்போது, அந்த நிறுவனம் உலகம் திரும்பிப் பார்க்கும் ஆய்வு மையமாகியிருந்தது.

அங்கு வேலை செய்த மருத்துவர் ஆர். தாராவும் குழுவினரும் 1980-களின் தொடக்கத்தில் முதன்முறையாக மனச்சிதைவு கண்ட 90 பேரைத் தேர்ந்தெடுத்து, இருபது ஆண்டுகளுக்கும் மேல் பின்தொடர்ந்தார்கள். இந்த நோய் வந்தால் வாழ்க்கை முடிந்தது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் தேறியிருந்தார்கள். நிறையப் பேர் வேலைக்குப் போனார்கள், குடும்பம் நடத்தினார்கள். பிறகு ஸ்கார்ஃப், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இன்னொரு ஆய்வு செய்தது. முதல்முறை மனப்பிறழ்வு கண்ட இளைஞர்கள், சென்னையில் 168 பேர், மான்ட்ரியலில் 165 பேர். இரு ஊரிலும் ஒரே மாதிரியான சிகிச்சை, இரண்டு ஆண்டு. எதிலும் நாட்டமில்லாமை, யாரோடும் ஒட்டாமை போன்ற, மருந்துக்கு எளிதில் மசியாத அறிகுறிகளில் சென்னைப் பிள்ளைகள் மான்ட்ரியல் பிள்ளைகளைவிட நன்றாகத் தேறினார்கள். சென்னையில் குடும்பங்கள் சிகிச்சையை விட்டு விலகாமல் கூடவே நின்றதையும் ஆய்வு குறித்துக்கொண்டது. மருத்துவருக்கு எதிரில் ஒரு நாற்காலியில் பிள்ளையும் பக்கத்து நாற்காலிகளில் அம்மாவும் அத்தையும் உட்கார்ந்திருக்கும் நம்மூர்க் காட்சியைப் பின்தங்கிய பழக்கம் என்று நினைப்பவர்கள் இந்த முடிவைப் படிக்க வேண்டும். மருந்துக்கு இணையான பலம் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

ஆக, சென்னையிடம் அறிவு இருக்கிறது. வீடுகளில் பாசமும் இருக்கிறது. முதல் அறிகுறிக்கும் முதல் மருத்துவருக்கும் நடுவே கழிகிற மாதங்கள்தான் இரண்டையும் வீணாக்குகின்றன. மனப்பிறழ்வுக்கு வைத்தியம் எவ்வளவு தாமதமாகிறதோ, தேறுவதும் அவ்வளவு கடினமாகிறது.

தாமதத்தை வெல்லும் வித்தை குரோம்பேட்டையை அடுத்துள்ள தாம்பரத்துக்குப் புதிதல்ல. மின்சார ரயிலில் தினமும் லட்சம் பேர் கடந்துபோகும் ‘தாம்பரம் சானடோரியம்’ நிறுத்தம், ஊரே பயந்து ஒளித்த ஒரு நோய்க்கான மருத்துவமனையின் பெயரால் அமைந்தது. மருத்துவர் சௌரி முத்து 1928-இல் காசநோயாளிகளுக்காக இங்கே ஒரு மருத்துவமனை திறந்தார். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. காசநோய் வந்த வீட்டில் பெண் எடுக்காத காலம், தட்டு டம்ளரைத் தனியாக வைத்த காலம். 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் சிகிச்சை ஆய்வு மையம், வீட்டில் இருந்தபடியே மருந்து எடுத்தவர்களும் சானடோரியத்தில் படுத்துக் கிடந்தவர்களுக்கு நிகராகக் குணமாகிறார்கள் என்று நிரூபித்தது. மருந்து தவறாமல் போய்ச் சேர்கிறதா என்று பார்க்க ஆள் இருந்தால் போதும். உலகமே தன் காசநோய் சிகிச்சையை அதை வைத்து மாற்றிக்கொண்டது.

பிறகு எச்.ஐ.வி. வந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986-இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால். மற்ற மருத்துவமனைகள் தொடவே தயங்கிய நாட்களில் தாம்பரம் சானடோரியம் கதவைத் திறந்துவைத்தது. நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றானது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து அறிமுகமானபோது முதல் மையங்களின் வரிசையில் தாம்பரமும் இருந்தது. அங்கே மருந்தோடு சேர்த்து ஆலோசகர் தரப்பட்டார். அடுத்த மாதம் வராதவரைத் தேடிப் போக ஆள் இருந்தது. பெயர் வெளியே போகாது என்ற உறுதி இருந்தது. அவமானம் பிரசங்கத்தால் குறையவில்லை. மருந்து சாப்பிட்டவர்கள் எழுந்து நடமாடியதைப் பார்த்துத்தான் குறைந்தது.

இந்த மூன்றும் இளைஞர் மனநலத்துக்கும் வேண்டும்: மருந்து, ஆலோசகர், தேடிப் போகும் ஆள்.

சட்டம் ஏற்கெனவே கேட்டதைவிட அதிகம் தந்திருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், அரசுச் செலவில் மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை ஆக்கியது. உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்றது. உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறும் அதற்கு மேலும் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் வழிகாட்டு நெறிகள் வகுத்தது.

நியமித்தால் மட்டும் போதாது, எப்படி நியமிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேதியியல் பாடம் எடுக்கிறவருக்கு ‘கவுன்சிலர்’ என்று கூடுதல் பொறுப்பு கொடுத்து, முதல்வர் அறைக்குப் பக்கத்தில் மேசை போட்டு, வருகிற மாணவன் பதிவேட்டில் பெயர், ரோல் நம்பர் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றால் எவன் போவான்? தான் சொன்னது சாயங்காலத்துக்குள் துறைத் தலைவர் காதுக்குப் போய், இரவுக்குள் அப்பாவுக்கு போன் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் தொடங்கி செங்கல்பட்டு வரையும், இன்னொரு பக்கம் ஓ.எம்.ஆர். நெடுகிலும் வெளிமாவட்டப் பிள்ளைகள் விடுதிகளிலும் பி.ஜி. அறைகளிலும் ஆயிரக்கணக்கில் தங்கிப் படிக்கிறார்கள். வீட்டைவிட்டு வந்த முதல் வருடம், ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு, ஊரில் விற்ற நிலத்தின் நினைப்பு. இவர்களுக்கு மாமா அத்தைகூடப் பக்கத்தில் இல்லை. அறைத் தோழன்தான் எல்லாம். அவனுக்கும் பத்தொன்பது வயது.

கஞ்சா விஷயமும் இதோடு பின்னியது. இளவயதில் தொடர்ந்து புகைப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு கூடுகிறது. போலீஸ் விற்பவனைப் பிடிக்கட்டும். சிக்கிய மாணவனைக் கல்லூரியிலிருந்து நீக்கி ஊருக்கு பஸ் ஏற்றினால், சிகிச்சைக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பமும் அந்தப் பஸ்ஸிலேயே போய்விடுகிறது.

உதவிக்குத் தொலைபேசி எண்கள் உண்டு. 14416-ஐ அழைத்தால் ‘டெலிமானஸ்’ ஆலோசகரிடம் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தேவைப்பட்டால் அவர் மருத்துவரிடம் சேர்ப்பார். மாநில அரசின் 104 இருக்கிறது; சிநேகாவின் 044-24640050 இருக்கிறது. மனத்தில் சாகும் எண்ணம் ஓடுகிறவர்களும், அப்படியொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களும் இன்றே அழைக்கலாம். இந்த எண்களைப் பள்ளிச் சுவரில் ஒட்டியதோடு கடமை முடிந்தது என்று அரசு நினைத்துவிடக் கூடாது. போனில் பேசியவருக்கு மறுநாள் போய் உட்கார ஓர் இடம் வேண்டும்.

அந்த இடம் தாம்பரத்தில் இருக்க வேண்டும். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. இவ்வளவு பெரிய ஊரின் அரசு மருத்துவமனையில், பதினைந்து முதல் இருபத்தைந்து வயதினருக்கென்றே தனியாக ஒரு மாலை நேர மனநலப் பிரிவு வேண்டும். காலை ஓ.பி. இவர்களுக்கு உதவாது. மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் அம்மா ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போச்சு. கல்லூரி மாணவன் காலையில் வரிசையில் நின்றால் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகும். மாலை ஐந்து மணிக்குமேல் திறந்திருந்தால் ரயிலிலிருந்து இறங்கி நேரே வருவார்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. தெருவை அறிந்த, வீட்டுப் பெண்களோடு திண்ணையில் உட்கார்ந்து பேசக்கூடிய தன்னார்வலர்கள் அதில் இருக்கிறார்கள். இரண்டு மாதமாகப் பள்ளிக்குப் போகாத பெண்ணைப் பற்றியும், அறையைவிட்டு வராத பையனைப் பற்றியும் விசாரிக்க அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதற்கான ஊதியத்தையும் கூட்டிக்கொடுக்க வேண்டும். சிகிச்சையைப் பாதியில் விட்ட பிள்ளையின் வீட்டுக்குப் போய், “ஏன்மா, இந்த மாசம் வரலை?” என்று கேட்க அவர்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. தற்கொலை நடந்த வீட்டுக்கு இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலோசகர் போக வேண்டும் என்பதை மாவட்ட மனநலத் திட்டத்தின் கடமையாக எழுதிவைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பணமும் ஆளும் வேண்டும் என்பது மெய். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆனால் பணமே தேவைப்படாத ஒரு காரியமும் இருக்கிறது. மனநலப் பிரிவுக்குப் போய்வரும் மாணவன் கல்லூரியில் கொடுக்கும் மருத்துவச் சான்றில், துறையின் முத்திரை பளிச்சென்று விழுந்திருக்கிறது. அதைக் கொடுப்பதற்குப் பதில் வருகைப்பதிவை இழந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிற பிள்ளைகள் அடுத்த மாதம் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை. சான்றில் மருத்துவமனையின் பெயரும் மருத்துவரின் பதிவு எண்ணும் இருந்தால் போதும், துறையின் பெயர் வேண்டியதில்லை. சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் இந்தக் கல்வியாண்டிலேயே இதைச் செய்துவிடலாம்.